ஜியு-ஜிட்சு: ஐம்பதைத் தாண்டினவங்களுக்கு எந்த கார்டு? ஹாஃப் கார்டு போதுமா?

கோவை_52

தரையில கட்டிப் புரண்டு பிடி போடுற பிரேசிலியன் ஜியு-ஜிட்சுல 46 வயசுல ஆரம்ப வெள்ளை பெல்ட் கட்டினவன் நான். இப்ப 52, அடுத்த படியான நீல பெல்ட். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

கீழ மல்லாந்து, மேல இருந்தவர் இடுப்பைக் காலால பின்னிப் பிடிச்சு, க்ளோஸ்ட் கார்டுல இருந்தேன். மேல இருந்த தம்பிக்கு 26 வயசு, 85 கிலோ இருப்பார். கார்டைத் திறக்கறதுக்காக எழுந்து நின்னார். அவர் முதுகுக்குப் பின்னாடி பின்னியிருந்த கணுக்காலை நான் விடலை, அப்படியே தொங்கினேன். அவர் ஒரு காலைப் பின்னாடி வெச்சு இடுப்பைத் திருப்பினார். என் வலது முழங்காலோட வெளிப்பக்கம் 'டக்'னு ஒரு சத்தம். முதல்ல வலியே இல்லை. ஒரு நிமிஷம் கழிச்சு எழுந்திருக்கப் பார்த்தா கால் மடங்கலை. ஸ்கேன்ல மெனிஸ்கஸ், அதாவது முழங்காலுக்குள்ள இருக்கிற குருத்தெலும்பு, கொஞ்சம் கிழிஞ்சிருக்குன்னு வந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படலை. அந்தத் தம்பி மேல எந்தத் தப்பும் இல்லை.

ஆறு வாரம் மேட் ஓரமா உட்கார்ந்து மத்தவங்க ரோல் பண்றதை, அதாவது பயிற்சிச் சண்டை போடுறதைப் பார்த்தேன். ஜியு-ஜிட்சு பழகாதவங்களும் இதைப் படிக்கலாம், அதனால ஒரு வரி: கீழே மல்லாந்தோ உட்கார்ந்தோ இருக்கிறவர் தன் காலையும் இடுப்பையும் வெச்சு மேல இருக்கிறவரைத் தடுத்து, அங்கிருந்தே அவரைப் புரட்டவோ கையை மடக்கவோ கழுத்தை நெரிக்கவோ பார்க்கிற நிலைதான் கார்டு. ரெண்டு காலையும் அவர் இடுப்பைச் சுத்திப் பின்னினா க்ளோஸ்ட் கார்டு. அவரோட ஒரு காலை மட்டும் நம்ம ரெண்டு காலுக்கு நடுவுல பிடிச்சா ஹாஃப் கார்டு.

என் முடிவு இது. 50க்கு மேல ஹாஃப் கார்டு ஒண்ணை மட்டும் முறையா பழகினாப் போதும். மேல்காலோட முன்னெலும்பை அவர் நெஞ்சுக்குக் குறுக்கே கேடயமா வைக்கிற 'நீ ஷீல்டு' வகையைச் சொல்றேன். வேகம் வேண்டாம், தலைகீழா உருள வேண்டாம், முழங்காலை அகல விரிக்கவும் வேண்டாம்.

இது காயத்துலேர்ந்து பொறந்த கார்டுங்கிறதையும் மறக்கக்கூடாது. ரியோ டி ஜெனீரோவுல ராபர்ட்டோ கொரேயான்னு ஒரு ஜியு-ஜிட்சு வீரர், 'கோர்டோ'ன்னு கூப்பிடுவாங்க. முழங்கால் அடிபட்ட பிறகு அந்தக் காலைக் காப்பாத்திக்கத்தான் ஹாஃப் கார்டுல கிடந்து பழகினார். அதுவரைக்கும் ஹாஃப் கார்டுன்னா பாதி கார்டு போயிடுச்சு, மீதியும் போகப்போகுதுன்னு அர்த்தம். அவர் அங்கிருந்தே ஆளைப் புரட்டிக் காட்டினார்.

மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க.

தாம்பரம்_பர்ப்பிள்

சார், முதல்ல முழங்கால் நல்லபடியா ஆகட்டும். ஆனா முடிவு தப்புன்னு நினைக்கிறேன்.

நான் 34, வாரத்துல ஆறு நாள் மேட்ல இருக்கேன். 50 தாண்டினவங்களோட நிறைய ரோல் பண்றேன். அவங்க ஹாஃப் கார்டுக்குப் போனா எனக்கு வேலை சுலபமாயிடுது. நான் என்ன பண்ணுவேன்னு அப்படியே சொல்றேன். முதல்ல கேடயத்தோட நேருக்கு நேர் மோத மாட்டேன். அவங்க மேல்முழங்காலை என் இடுப்பால கீழ அமுக்கி, ரெண்டு முழங்காலையும் ஒண்ணு மேல ஒண்ணா தரையோட ஒட்டிடுவேன். அப்ப அவங்க இடுப்பு ஒரு பக்கம், தோள் இன்னொரு பக்கம். அடுத்து என் கை அவங்க தலைக்கு அடியில போகும், தோள் தாடையில ஏறும். அதுதான் க்ராஸ்ஃபேஸ். முகம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சுன்னா உடம்பு இந்தப் பக்கம் திரும்ப முடியாது. முதுகு தரையில ஒட்டிடும். அப்புறம் நான் மூச்சு வாங்கிக்கிட்டே ஒரு நிமிஷம் படுத்திருப்பேன். கீழ இருக்கிறவர் கழுத்தும் விலா எலும்பும் என் எடையைச் சுமக்கும்.

இதையா 52 வயசுல ஒருத்தர் தினமும் வாங்கிக்கணும்? என் கருத்து, கீழ கிடந்து பழகவே கூடாது. மேல இருக்கப் பழகணும். வயசானவங்களுக்கு எடையும் பொறுமையும் இருக்கு, ரெண்டும் மேல இருந்தாத்தான் உதவும்.

செங்காங்_பிரவுன்

எனக்கு 58 முடியப்போகுது. 19 வருஷமா பயிற்சி. கோவைத் தம்பி க்ளோஸ்ட் கார்டைக் குத்தவாளி ஆக்கினதை ஒத்துக்க முடியலை.

தம்பி, உங்க முழங்காலைக் கெடுத்தது கார்டு இல்லை. ஆள் எழுந்து நின்ன பிறகும் பின்னலை விடாம தொங்கினீங்க, அதுதான் கெடுத்தது. எங்க மேட்ல நான் புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்றது ஒண்ணு: அவன் முதல் பாதத்தைத் தரையில ஊன்றினதும் பின்னலை அவிழ்த்துடு. ரெண்டாவது பாதம் ஊன்றுறதுக்குள்ள உன் பாதம் அவன் இடுப்புல இருக்கணும். இதைச் செஞ்சீங்கன்னா க்ளோஸ்ட் கார்டு மாதிரி ஓய்வு தர்ற இடம் வேற கிடையாது. அவன் தலையை இழுத்துக் குனிய வெச்சுக்கிட்டு, காலர்ல நாலு விரலை உள்ள விட்டுக்கிட்டு, மூச்சு விட்டுக்கிட்டு இருக்கலாம். அவசரப்படுறது அவனாத்தான் இருப்பான்.

பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஹீலியோ கிரேசி 1913ல பொறந்தவர், 2009ல 95 வயசுல காலமானார். தொண்ணூறு வயசு தாண்டியும் மேட்ல இறங்கினவர். ஒல்லியான உடம்பு. பெரிய ஆளுங்களைக் காலுக்கு நடுவுல பிடிச்சு, களைச்சுப் போகிற வரைக்கும் காத்திருக்கிற ஆட்டத்தை அவர் உடம்புக்கு ஏத்த மாதிரி அமைச்சுக்கிட்டார். அதை அவ்வளவு சுலபமாத் தூக்கிப் போடாதீங்க.

தாம்பரம்_பர்ப்பிள்

அண்ணே, 1955ல அதே ஹீலியோ தன்னோட பழைய மாணவர் வால்டெமார் சந்தானாவோட மூன்றரை மணி நேரத்துக்கு மேல சண்டை போட்டார். அப்ப அவருக்கு 41. கடைசியில தோத்தார். காத்திருக்கிற ஆட்டத்துல வயசு குறைஞ்சவன்தான் அதிக நேரம் காத்திருப்பான்.

செங்காங்_பிரவுன்

அது நேரக்கட்டுப்பாடு இல்லாத சண்டை. நம்ம ரோல் 5 நிமிஷம், மணி அடிச்சதும் கைகொடுத்துட்டு எழுந்திருக்கிறோம். போட்டிக்குப் போனாலும் அதேதான். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் விதியில 30 வயசுலேர்ந்து மாஸ்டர் பிரிவு. கோவைத் தம்பி போனா 51 வயசுக்கு மேற்பட்ட மாஸ்டர் 5, ஆட்டம் 5 நிமிஷம்தான். 5 நிமிஷம் ஒருத்தனைப் பிடிச்சு வெக்கிறது 58 வயசுலயும் முடியுது.

பிசியோ_திருச்சி

நான் பிசியோதெரபிஸ்ட். வயது 44, இரண்டாண்டுகளாகப் பயிற்சி செய்கிறேன், வெள்ளை பெல்ட்தான். விளையாட்டு நுணுக்கத்தில் உங்களோடு போட்டி போட வரவில்லை. மூட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முழங்கால் மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. திரும்புவதற்கென்று இருப்பது இடுப்பு மூட்டு. இடுப்பு திரும்ப மறுத்தால் அந்தத் திருகல் முழங்காலில் போய் விழுகிறது. கோவை அண்ணனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். எனவே எந்த கார்டு என்று கேட்பதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள், பின்னால் சாயாமல், கையை ஊன்றாமல். முழங்கால் இரண்டும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன? தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்குக்கூட, இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு முழங்கால் நெஞ்சுப் பக்கம் ஏறி நிற்கிறது. அப்படி நிற்பவர்கள் பாதத்தை முகத்தருகே இழுத்துப் பிடிக்கும் ரப்பர் கார்டைத் தொடவே வேண்டாம். க்ளோஸ்ட் கார்டிலிருந்து கழுத்தைச் சுற்றிப் போடும் முக்கோணப் பிடியிலும் மிகுந்த கவனம் தேவை. சம்மணம் எளிதாக வருகிறவர்களுக்கு இந்தத் தடை குறைவு.

தலைகீழாக உருளும் பெரிம்போலோ போன்றவற்றில் கழுத்து மடங்கிய நிலையில் உடல் எடையைத் தாங்குகிறது. வயதாக ஆக முதுகெலும்பின் வட்டுகள் நீரை இழக்கின்றன. அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

விரல்களையும் மறக்காதீர்கள். ஸ்பைடர் கார்டில் கைச்சட்டை நுனியை நான்கு விரலால் சுருட்டிப் பிடித்து எதிராளியின் இழுப்பு முழுவதையும் விரல் கணுக்களில் வாங்குகிறோம். மறுநாள் காலையில் தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்கச் சிரமமாக இருந்தால், முந்தைய நாள் பிடித்த பிடி அதிகம்.

தாம்பரம் தம்பி சொல்லும் க்ராஸ்ஃபேஸ் ஆபத்து உண்மையானது. கழுத்து திரும்பியபடியே எடை ஏறுவதை நடுத்தர வயதில் லேசாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

கோவை_52

நன்றிம்மா. சம்மணம் போட்டுப் பார்த்தேன். இடது முழங்கால் தரையிலேர்ந்து ஒரு சாண், வலது அதுக்கும் மேல. இத்தனை வருஷம் இதை யாரும் சொல்லலை.

தாம்பரம் தம்பிக்கு: நீங்க விவரிச்சது ஹாஃப் கார்டு தோத்துப் போன பிறகு நடக்கிறது. நான் சொல்றது அதுக்கு முந்தின கட்டம். நான் மல்லாந்து படுக்கிறதே இல்லை. பக்கவாட்டுல, காதுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கை இடைவெளி. மேல்முழங்கால் அவர் நெஞ்சுல, பாதம் இடுப்புல. உள்பக்கக் கை அவர் புஜத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும், அதனால அந்தக் கை என் தலைக்கு அடியில வராது. அவர் அழுத்தி வந்தா நான் அக்குளுக்கு அடியில கை நுழைச்சு, அதாவது அண்டர்ஹுக் எடுத்து, முட்டி போட்டு எழுந்திருப்பேன். க்ராஸ்ஃபேஸ் விழுந்த பிறகு அங்க கிடக்கக் கூடாதுங்கிறதை ஒத்துக்கிறேன்.

மேல இருக்கணும்னு சொல்றீங்க. மேல எப்படிப் போறது? நின்னு ஆரம்பிச்சா இளவட்டங்களோட டேக்டவுன்ல, அதாவது நின்னபடி ஆளைத் தரையில தள்ளுற பிடியில மோதணும். என் வயசுல என்னை அதிகமா பயமுறுத்துறது அதுதான். முட்டி போட்டு ஆரம்பிச்சா ரெண்டாவது விநாடியிலேயே கீழதான் இருக்கேன். கீழ விழப்போறவனுக்கு விழுற இடத்தைச் சொல்லிக் குடுங்க.

தாம்பரம்_பர்ப்பிள்

அது நியாயமான கேள்வி சார். அப்ப படுக்காதீங்க, உட்காருங்க. பட்டர்ஃப்ளை கார்டு. ரெண்டு பாதத்தோட மேல்பக்கமும் அவர் தொடைக்கு உள்பக்கம் கொக்கி மாதிரி இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், நெற்றி அவர் நெஞ்சுல. மார்செலோ கார்சியா 77 கிலோ பிரிவுல ஏடிசிசிங்கிற உலக அளவிலான பிடிச்சண்டைப் போட்டியோட பட்டத்தை 4 தடவை ஜெயிச்சவர், பட்டர்ஃப்ளைதான் அவரோட அடித்தளம். உட்கார்ந்திருக்கிறவர் கழுத்துல எடை ஏறாது. எழுந்திருக்கிறதும் சுலபம்.

உங்க புஜம் தள்ளுற விஷயம் சரி. அதைச் சரியா செய்றவங்க கம்மி, அதனாலதான் நான் அப்படிச் சொன்னேன். ஆனா முழங்கால் ரெண்டும் ஒண்ணா நசுங்கற பாஸுக்கு, அதாவது உங்க காலைத் தாண்டி வர்றதுக்கு, நீங்க இன்னும் பதில் சொல்லலை.

பிசியோ_திருச்சி

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியும். அந்த இடத்தில் பாஸ் கொடுத்துவிட வேண்டும். முழங்கால் இரண்டும் தரையில் ஒட்டி, இடுப்பு திருகி, அதற்கு மேலும் கால் பின்னலை இறுக்கிப் பிடிப்பதுதான் கீழ்முதுகைக் கெடுக்கிறது. போட்டியில் கார்டு பாஸுக்கு 3 புள்ளி. மேட்டில் செவ்வாய்க்கிழமை இரவு யாரும் புள்ளி எண்ணுவதில்லை. முழங்கையை உள்ளே வைத்து, காலை விட்டு, எதிராளி பக்கவாட்டில் மேலே படுத்து அழுத்தும் சைடு கன்ட்ரோலுக்குப் போய் அங்கிருந்து மீண்டு வரலாம். என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஜியு-ஜிட்சு காரர்களிடம் எப்போது வலித்தது என்று கேட்டால், பெரும்பாலும் விட வேண்டிய நேரத்தில் விடாமல் பிடித்திருந்த கணத்தைத்தான் சொல்கிறார்கள்.

செங்காங்_பிரவுன்

இதுல பிசியோ தங்கச்சியோட முழுசா உடன்படுறேன். நான் முதல்ல சொன்ன 'பின்னலை அவிழ்த்துடு'வும் இதேதான்.

பட்டர்ஃப்ளையைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தாம்பரம் தம்பி அதைச் சுலபம்னு சொல்றார், ஆனா அண்டர்ஹுக் போச்சுன்னா உட்கார்ந்த இடத்துலேர்ந்து முதுகு தரையில அடிச்ச மாதிரி விழுவீங்க. 85 கிலோ மேல விழும். என் மேட்ல ஒருத்தருக்கு விலா எலும்பு விரிசல் விட்டது அப்படித்தான். பின்னாடி தள்ளுறான்னு தெரிஞ்சதும் ஒரு கையைப் பின்னாடி ஊன்றி, பக்கவாட்டுல சாய்ஞ்சு, அந்தப் பக்கத்துக் காலை மடக்கி நீ ஷீல்டுக்கு வந்துடணும். ஆக கோவைத் தம்பியோட ஹாஃப் கார்டு அங்கதான் உதவும். நான் அதை ரெண்டாவது அரணா வெப்பேன், முதல் வீடா வெக்க மாட்டேன்.

புதிய_வெள்ளை

வணக்கம். எனக்கு 49, சேர்ந்து மூணு வாரம் ஆகுது. அறுபதை நெருங்கும்போது ஆரம்பிச்சு 2016ல நியூயார்க்ல 51+ பிரிவுல தங்கம் வாங்கின ஆன்டனி போர்டெயினை, அந்த அமெரிக்க சமையல் நிபுணரை, டிவி பிரபலத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். நீங்க எல்லாரும் சொல்றதைப் படிச்சா தலை சுத்துது. நாளைக்கு வகுப்புல நான் எதை முதல்ல கேட்டுக் கத்துக்கணும்?

செங்காங்_பிரவுன்

க்ளோஸ்ட் கார்டு, அதை எப்ப அவிழ்க்கணும்கிறதோட சேர்த்து. கூடவே பக்கவாட்டுல திரும்பி இடுப்பை நகர்த்துற ஷ்ரிம்ப்.

தாம்பரம்_பர்ப்பிள்

நான் மாறுபடுறேன். உட்கார்ந்த நிலையிலேர்ந்து கையை ஊன்றி, காலைப் பின்னாடி இழுத்து எழுந்து நிக்கிறதை முதல்ல கேளுங்க. தினமும் ஒவ்வொரு பக்கமும் இருபது தடவை. அது வந்துடுச்சுன்னா எந்த கார்டையும் விட்டுட்டு வெளிய வர வழி இருக்கும்.

பிசியோ_திருச்சி

பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் வயதைச் சொல்லுங்கள். பழைய காயங்கள் இருந்தால் அவற்றையும் சொல்லிவிட்டு ரோல் பண்ணுங்கள். வீட்டில் இரவுச் சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கோவை_52

நேத்து மருத்துவர் அனுமதியோட மேட்ல இறங்கினேன், 60 சதவீத வேகத்துல. அதே தம்பியோடதான் முதல் ரோல், அவரே வந்து கேட்டார். செங்காங் அண்ணன் சொன்னபடி க்ளோஸ்ட் கார்டுல ஆரம்பிச்சேன். அவர் வலது பாதத்தை ஊன்றினதும் அவிழ்த்துட்டேன். ரெண்டு தடவை பாதத்தை இடுப்புல வெக்க முடிஞ்சது, மூணாவது தடவை தாமதமாயிடுச்சு. நீ ஷீல்டுக்கு வந்தேன். தாம்பரம் தம்பி சொன்ன மாதிரியே முழங்கால் ரெண்டையும் சேர்த்து அமுக்கினார். முதுகுல திருகல் தெரிஞ்சது, காலை விட்டுட்டேன், பாஸ் பண்ணிட்டார். சைடு கன்ட்ரோல்லேர்ந்து வெளிய வர ரெண்டு நிமிஷம் ஆச்சு.

இன்னைக்குக் காலையில முழங்கால் வீங்கலை. பட்டர்ஃப்ளை இன்னும் தொடலை, சம்மணத்துல வலது கால் இறங்கினதுக்கு அப்புறம் பார்க்கிறேன். ஹாஃப் கார்டுதான் என் முதல் வீடுங்கிறதுல இன்னும் மாறலை அண்ணே. தாம்பரம் தம்பி, அந்த அமுக்கல் வர்றதுக்கு அரை விநாடி முன்னாடி அவர் இடுப்பு எந்தப் பக்கம் நகருதுன்னு எனக்கு இன்னும் பிடிபடலை. அதைக் கொஞ்சம் விளக்கமா எழுதுங்க.