'வாளாவிருந்தான்': இதில் வாள் எங்கே இருக்கிறது?

கேள்வி:
பழைய சரித்திரக் கதை ஒன்றில் 'அமைச்சர் கெஞ்சியும் அரசன் வாளாவிருந்தான்' என்று வருகிறது. கையில் வாளோடு இருந்தான் என்றே இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். நேற்று ஒரு தலையங்கத்தில் 'அரசு வாளாவிருக்கக் கூடாது' என்று படித்ததும் குழப்பமாகிவிட்டது. இதற்கும் வாளுக்கும் தொடர்பு உண்டா? அப்புறம், வாள் என்ற சொல் பேச்சில் வேறு எங்கெல்லாம் மிச்சமிருக்கிறது?

பதில் 1:
தொடர்பே இல்லை. வாளா என்றால் சும்மா, பேசாமல். 'வாள் வாள் என்று கத்தாதே' என்பதும் வெறும் ஒலிக்குறிப்புதான். நிஜமான வாளைப் பார்க்க வேண்டுமென்றால் அரிவாளைப் பாருங்கள், 'ஒரே உறையில் இரண்டு வாள்' என்கிறோமே அதைப் பாருங்கள்.

பதில் 2:
சரி, ஆனால் வாள் என்றாலே ஆயுதம் என்றும் நினைத்துவிட வேண்டாம். தொல்காப்பியம் உரியியலிலேயே 'வாள் ஒளியாகும்' என்று இருக்கிறது. குறள் 1261-இல், போனவன் வரும் வழியைப் பார்த்துப் பார்த்துக் கண் 'வாளற்று'ப் போயிற்று என்று காதலி சொல்வது ஒளி போனதைத்தான். மரம் அறுக்கும் ரம்பத்துக்கும் வாள் என்ற பெயர் உண்டு. 334-ஆம் குறளில் நாள் என்பது உயிரை 'ஈரும் வாள்' என்று வருகிறதே, அங்கே ஒரே வீச்சில் வெட்டும் வாளை நினைக்காமல் முன்னும் பின்னும் போய்வந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும் ரம்பத்தை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு விடியலும் ஓர் இழுப்பு. எனக்கு அந்தக் குறள் பிடிபட்டதே அப்படித்தான்.

பதில் 3:
வினைச்சொற்களையும் கவனியுங்கள். வேல் எறிகிறோம், கத்தியால் குத்துகிறோம், வாளை வீசுகிறோம். செய்தியில் 'கத்திக்குத்து' வரும், 'வாள்குத்து' வராது. குத்துவதற்கென்றே செய்த நேர்வாள்கள் உலகில் உண்டு, ஆனாலும் தமிழில் வாள் என்றால் வீச்சுதான். ஒற்றைக் கையால் வீசும் வாள்கள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. தூக்கவே திணறும் இரும்பாக இருந்தால், வீசிய கையைத் திரும்ப இழுப்பதற்குள் எதிராளி கதையை முடித்துவிடுவான். அலகின் நடுவே நீளமாக ஓடும் பள்ளம்கூட எடையைக் குறைக்கத்தான், ரத்தம் வடிவதற்காக இல்லை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. 'வாளெடுத்தவன் வாளால் மடிவான்' நம் பழமொழிதானே?

பதில் 2:
பைபிளிலிருந்து வந்தது, மத்தேயு 26:52. ஆனால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் வாள் என்ற சொல்லே கிடையாது, 'பட்டயம்' என்றுதான் இருக்கும். இன்று பட்டயம் என்றால் டிப்ளமோ.