முளைகட்டின கேழ்வரகு அரைக்க எந்த மெஷின்? ஜாலி அடைக்குது, மாவு சூடா வருது

கொருக்குப்பேட்டை அக்கா:
வணக்கம். வாரம் 15 கிலோ முளைகட்டின கேழ்வரகு மாவு போட்டுக் கொடுக்க வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கணும். ஆடி மாசத்துல கூழுக்குக் கேழ்வரகு மாவு, கம்பு ரவை ரெண்டும் சேரும். வெளி மில்லுல மிளகாய் அரைச்ச கையோட நம்மளுதையும் போடறாங்க, குழந்தைக் கஞ்சி மாவுல நெடி ஏறிடுது.

பார்த்து வெச்சது மூணு. பெட்டி மாடல் 1 எச்பி (பெட்டிக்குள்ள பிளேடு சுத்தி அரைக்கிற வீட்டு மெஷின்), எமரி கல்லு வெச்ச சின்ன சக்கி (ரெண்டு கல்லுக்கு நடுவுல அரைக்கிறது), 2 எச்பி பல்வரைசர் (வேகமா அடிச்சுப் பொடியாக்கறது). பெட்டி மாடலைத் தெரிஞ்சவங்க வீட்டுல 3 கிலோ போட்டுப் பார்த்தாச்சு. முதல் கிலோ நைஸா வந்தது. ரெண்டாவதுல மாவு சூடு. மூணாவதுல ஜாலி (மாவு வெளியே வர்ற துளைத் தகடு) பூரா அப்பிக்கிட்டு மோட்டார் திணறி நின்னுடுச்சு. திரும்ப ஆன் பண்ணா "உம்"னு சத்தம் மட்டும். 2 எச்பிக்குப் போகணுமா? இன்னொண்ணு: ஒரு தடவை அரைச்ச மாவுல கஞ்சி கெட்டியா வருது, அடுத்த தடவை தண்ணியா ஓடுது. இதுவும் மெஷின் கோளாறா?

மூலக்கடை மாவுமில்:
அக்கா, மெஷினைக் குறை சொல்றதுக்கு முன்னாடி தானியத்தைப் பாருங்க. முதல் கிலோ நல்லா வந்து மூணாவது அடைக்குதுன்னா தானியத்துல ஈரம் இருக்குன்னு அர்த்தம். அரைபடற சூட்டுல அந்த ஈரம் ஆவியாகி ஜாலியில படியும், மாவு அதுல பசை மாதிரி ஒட்டும். துளை அடைபட்டா மாவு வெளியே போக வழியில்லை. உள்ளேயே திரும்பத் திரும்ப அடிபட்டு இன்னும் சூடாகும். 2 எச்பி வாங்கினா இதே அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும், அவ்வளவுதான்.

எடை போட்டா தெரிஞ்சுடும். முளைகட்டறதுக்கு முன்னாடி 1 கிலோ எடை போட்டு வையுங்க. ஊறி, முளைச்சு, காஞ்சு, வேரைத் தேய்ச்சுப் புடைச்ச பிறகு திரும்பப் போடுங்க. முளைக்கிறப்போ தானியம் தன் மாவுச்சத்துல கொஞ்சத்தைத் தானே செலவழிச்சுக்கும், வேரும் உதிர்ந்துடும். அதனால 950 கிராமுக்குக் கீழே வரணும். 1 கிலோவே நின்னா மிச்சம் இருக்கறது தண்ணி. பல்லுல வெச்சுக் கடிச்சா டக்குனு உடையணும், நசுங்கினா இன்னும் ஒரு வெயில் வேணும்.

ஈரம் பார்க்க, பாட்டில்ல தானியத்தோட உப்புப் போட்டுக் குலுக்கிப் பார்க்கிற முறையை நம்பாதீங்க. உப்பு பாட்டில் சுவத்துல ஒட்டினா ஈரம் 15 சதவீதத்துக்கு மேலன்னு அர்த்தம். அரைக்கிறதுக்கு 10, 11ல இருக்கணும். ஒட்டாமப் போனாலும் 13, 14 இருக்கலாம், அதுவும் ஜாலியை அடைக்கும்.

காசிமேடு:
கடலோரத்துல காயவைக்கிறவங்களுக்கு ஒரு விஷயம். மொட்டை மாடியில பகல் பூரா காஞ்சதை நாலு மணிக்குள்ள அள்ளிடணும். சாயங்காலக் கடல் காத்து பட்டா இழந்த ஈரத்தை மறுபடி இழுத்துக்கும். ஆறினதும் எவர்சில்வர் டிரம்முல போட்டு இறுக்கி மூடுங்க. எண்ணூர், மணலி பக்கம் காத்துல தூசி இறங்கும், பழைய வேட்டியை ரெண்டா மடிச்சு மேல போர்த்தித்தான் காயவைக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில வெயிலை நம்பி முளைகட்டவே கூடாது.

வண்ணாரப்பேட்டை மோட்டார் ரீவைண்டிங்:
அந்த "உம்" சத்தத்துக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம்தான். அரவை அறையில தானியம் சிக்கியிருக்கும், இல்லாட்டி கெப்பாசிட்டர் (மோட்டார் ஸ்டார்ட் ஆக உதவுற பாகம்) வீக் ஆகியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிட்டு, அறையைத் திறந்து சுத்தம் பண்ணி, பிளேடைக் கையால சுத்திப் பாருங்க. இலேசா சுத்துதுன்னா கெப்பாசிட்டரை எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. பிளக் இல்லாட்டியும் அதுல மின்சாரம் தேங்கி நிக்கும், நீங்க தொடாதீங்க. சத்தம் வர்றப்போ அஞ்சு செகண்டுக்கு மேல சுவிட்சை விட்டு வைக்கக் கூடாது, சுருள் கருகிடும்.

எப்பவும் காலி அறையோடதான் ஸ்டார்ட் பண்ணணும். முழு வேகம் வந்த பிறகு தானியத்தைத் திறந்து விடுங்க. முடிக்கும்போது ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டு நிறுத்துங்க. 1 எச்பின்னா 746 வாட், ஸ்டார்ட் ஆகற நொடியில அதைவிடப் பல மடங்கு இழுக்கும். டிவிக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க. மீட்டர் கீழே, வீடு மூணாவது மாடின்னா 2.5 ஸ்கொயர் ஒயர்ல தனியா 16 ஆம்பியர் பாயின்ட், எர்த் ரெண்டும் கட்டாயம்.

மூலக்கடை மாவுமில்:
மெஷின் தேர்வுக்கு வர்றேன். உங்க வேலைக்கு 1 எச்பி பெட்டி மாடல் போதும். ஒரு மணிக்கு 8, 10 கிலோன்னு போட்டிருக்கறதை அப்படியே எடுத்துக்காதீங்க, சின்னத் துளை ஜாலியில அவ்வளவு வராது. வாரம் 15 கிலோவை ரெண்டு நாளாப் பிரிச்சு, 3 கிலோவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு அரைங்க.

வாங்கும்போது ஜாலியைக் கையில எடுத்துப் பாருங்க. நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், துளை எத்தனை மில்லிமீட்டர்னு கேளுங்க. கேழ்வரகு மணியே ஒண்ணரை மில்லிமீட்டர் சுமார்தான். 2 மில்லிமீட்டர் ஜாலியில முழு மணி அடிபடாமலே நழுவி வந்துடும். கஞ்சி மாவுக்கு 0.5, கூழ் மாவுக்கு 0.8 இல்லாட்டி 1. இந்த ரெண்டும் தனித்தனியாக் கிடைக்கிற மாடலா இருக்கணும், உதிரி ஜாலி ஒண்ணு கூடவே வாங்கிடுங்க. அறைக்கு முன்னால இரும்புத் துண்டைப் பிடிக்கிற காந்தம் இருக்கான்னு பாருங்க. கேழ்வரகுல வர்ற மணலைக் காந்தம் பிடிக்காது, ஊறவைக்கும்போதே அரிச்சு எடுத்தாகணும்.

எமரி சக்கி கோதுமைக்கு நல்லது. பொடி தானியத்துக்குக் கல் இடைவெளியை ரொம்ப இறுக்கணும். சூடு ஏறும், தேய்ஞ்சா கல்லைக் கொத்தவும் ஆள் தேடணும். புது மெஷின்ல முதல்ல அரைக் கிலோ பச்சரிசி போட்டு அரைச்சுக் கொட்டிடுங்க, உள்ளே இருக்கிற கிரீஸும் இரும்புத் தூளும் அதோட போகும்.

வியாசர்பாடி சத்துமாவு:
அக்கா, கஞ்சி மாறி மாறி வர்றது மெஷின் கோளாறு இல்லை, வறுவல். முளைக்கிறப்போ தானியத்துல அமைலேஸ்னு ஒரு நொதி உண்டாகும். அதுதான் மாவுச்சத்தை உடைச்சுக் கஞ்சியை நீர்க்க வைக்கும். வாசனை தூக்கற அளவுக்கு வறுத்தா அந்த நொதி செத்துடும், கஞ்சி கெட்டியாகும். இலேசா வறுத்த தடவை ஓடியிருக்கும், நல்லா வறுத்த தடவை கெட்டியாயிருக்கும்.

குழந்தைக் கஞ்சிக்கு ஓடறதுதான் நல்லது. அதே பதத்துல கூடுதல் மாவு கரைச்சு ஊட்டலாம், சின்ன வயித்துக்குள்ள சத்து கூடப் போகும். அதனால நல்ல வெயில்ல ரெண்டு நாள் காயவெச்சு, கடைசியா வாணலியில கை பொறுக்கிற சூட்டுல புரட்டினாப் போதும். முழுக்க ஆறின பிறகுதான் மெஷின்ல போடணும். முந்திரி, வேர்க்கடலையை நேரடியாப் போடாதீங்க, எண்ணெய் விட்டு ஜாலியை அப்பிடும். பொட்டுக்கடலையோட கலந்து கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. அரைச்ச மாவைத் தாம்பாளத்துல பரப்பி ஆறவிட்டுத்தான் கவர்ல கட்டணும். சூட்டோட கட்டினா உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும்.

கொருக்குப்பேட்டை அக்கா:
எடை போட்டாச்சு அண்ணா. 1 கிலோ கேழ்வரகு காஞ்ச பிறகும் 1 கிலோ 30 கிராம். ஈரம்தான். இன்னும் ஒரு வெயில் வெச்சதும் 940க்கு வந்துடுச்சு. அதே 1 எச்பியில 3 கிலோவும் அடைக்காம அரைஞ்சது, மோட்டாரும் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகுது. கம்பு ரவைக்கும் இதே மெஷின் ஆகுமா?

மூலக்கடை மாவுமில்:
ஆகாதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரே சீரா வராது, பாதி மாவாயிடும். கம்புல தண்ணி தெளிச்சுப் பிசிறி 15 நிமிஷம் வெச்சு, மிக்சியில விட்டு விட்டுத் தட்டி, முறத்துல புடைச்சு உமியை எடுங்க. நிழல்ல ஈரம் போக உலர்த்தி, மறுபடி மிக்சியில ரெண்டு மூணு தட்டு தட்டி சலிச்சா ரவை வந்துடும். கம்புல கேழ்வரகைவிடக் கொழுப்பு ரொம்ப அதிகம், உடைச்சு வெச்சா சில நாள்லயே கசக்கும். ஆடிக்கு ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும், கொடுக்கிறதுக்கு முந்தின நாள் உடைங்க.