சுண்ணாம்பு மலையில் பார்த்த மல்லிகைக் கொடி

கிந்தாக்காரன்:
மலேசியாவில் ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மலைகளில் ஏறுகிறவர்கள் யாராவது இதைப் பார்த்ததுண்டா? உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கூரான பாறைகளுக்கு நடுவே படர்ந்திருந்தது. வாசம்தான் முதலில் வந்தது, பூவைத் தேட வேண்டியிருந்தது. கூட வந்தவர் கெமுனிங் என்றார், வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு சிறுமரம். அதுவும் இந்த மலைகளில் தானாக வளர்வதுதான், வாசமும் கிட்டத்தட்ட இதேதான். ஆனால் கெமுனிங் இலைகள் மாறி மாறி இருக்கும், இதில் எதிரெதிரே ஜோடியாக இருந்தன. ஓர் இலையைக் கிள்ளினேன், பால் வரவில்லை. அப்போ நந்தியாவட்டைக் குடும்பமும் இல்லை. உதிர்ந்த பூவைப் பிரித்தால் குழாய்க்குள் இரண்டே மகரந்தத் தாள்கள். மல்லிகைதான், எந்த மல்லிகை என்றுதான் தெரியவில்லை. ஒருவேளை இதுவரை பெயரிடாத புது இனமோ? சிரிக்காதீர்கள். மலையின் பெயரைக் கேட்காதீர்கள், தோண்டிக்கொண்டு போக ஆள் வந்துவிடும்.

கெப்போங் அக்கா:
ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தில், வேலை பார்த்தவள் சொல்கிறேன் தம்பி, பூவை மட்டும் பார்த்து யாரும் பதில் சொல்லமாட்டார்கள். உலகில் சுமார் 200 மல்லிகை இனங்கள் உண்டு, படத்தில் பாதிக்கு மேல் ஒன்றுபோலத் தெரியும். புல்லிவட்டத்தின் (பூவின் அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணம்) பற்கள் எவ்வளவு நீளம், இலையின் அடியில் நரம்பு பிரியும் இடத்தில் முடி இருக்கிறதா, காய் உருண்டையா நீளமா, எல்லாம் வேண்டும். பூக்கும்போது வெட்டி உலர்த்திய கிளை, காய் கிடைக்காமல் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடப்பதுண்டு. புதுசு என்று சொல்ல, பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டு, ஒன்றை மூல மாதிரியாக, அதாவது அந்தப் பெயருக்கு அடையாளமான மாதிரியாக, குறித்து, விளக்கத்தோடு வெளியிட வேண்டும்.

மலைநத்தை:
புதுசா என்று கேட்டுச் சிரிப்பவர்களுக்கு: தீபகற்ப மலேசியாவில் சுண்ணாம்பு மலைகள் நிலப்பரப்பில் அரை விழுக்காடுகூட இல்லை. அவற்றில் 1,200க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் பதிவாகியுள்ளன. ஈப்போவுக்கு வடக்கே குனோங் கந்தான் என்ற சுண்ணாம்பு மலையில் ஒரு மரம், சின்னச் செடிகூட இல்லை, மரம், 2014இல்தான் வாட்டிகா கந்தானென்சிஸ் என்று பெயர் பெற்றது. அந்த மலையில் சிமெண்டுக்குக் கல் உடைக்கிறார்கள். அதே ஆண்டு அங்கிருந்து விவரித்த ஒரு நத்தைக்கு, ஆய்வாளர்கள் அப்போது அங்கே கல் உடைத்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். குறும்பா கோபமா, நீங்களே முடிவு பண்ணுங்கள்.

கிந்தாக்காரன்:
சரி அக்கா, காய்க்கும் நேரம் பார்த்துப் போகிறேன். அளவுகோல் வைத்து இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுக்கிறேன். கிளை வெட்டுவதை அனுமதி உள்ளவர்களிடம் விட்டுவிடலாம். யாரிடமாவது காயோடு படம் இருந்தால் காட்டுங்கள்.