மல்லிகை மொட்டுகள் காய்கின்றன: ஆலோசனை தேவை

தோட்ட நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் கோத்தகிரியில் தோழியின் வீட்டில், அமில மண்ணில் நீலமாகப் பூத்துக் குலுங்கிய ஹைட்ரேஞ்சியாவைக் கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் மதுரைக்குத் திரும்பிய அன்று மாலை, ஏழு ஆண்டுகளாக என் கொல்லையில் வளரும் குண்டுமல்லி மொட்டவிழ்ந்து வீசிய மணத்தில், இந்த வெயிலுக்கே உரிய என் தோட்டத்தின்மீது முன்பில்லாத பெருமை உண்டாயிற்று.

ஆனால் இப்போது சில மொட்டுகள் ஊதா நிறமாகி, விரியாமலே காய்ந்து உதிர்கின்றன; சிலவற்றில் துளையும் காணப்படுவதால் மொட்டுப்புழுவாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். பாதித்த மொட்டுகளைப் பறித்து அழித்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து வருகிறேன். சாமிக்குச் சாத்தும் பூ என்பதால் இரசாயன மருந்தடிக்க மனம் வரவில்லை. வழக்கமாக நவம்பர் இறுதியில் செய்யும் கவாத்துக்குக் காத்திராமல் இப்போதே கிளைகளை வெட்டலாமா, வேறு இயற்கை வழி உண்டா என்று அனுபவமுள்ளோர் கூறி உதவ வேண்டுகிறேன்.