கடைப் பெயரா, ஆள் பெயரா, கம்பெனிப் பெயரா: பிரதிவாதியாக யாரைக் காட்டுவது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா): வணக்கம். எங்கள் வீட்டுக் கூரையை மாற்றித் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டு, 85,000 ராண்ட் முன்பணம் பெற்று, வேலையைப் பாதியில் விட்டுச் சென்று 2 ஆண்டு 8 மாதங்கள் ஆகின்றன. ரசீதில் கடைப் பெயர் மட்டும் இருக்கிறது. பணம் போன வங்கிக் கணக்கோ வேறொரு பெயரில் உள்ளது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் யாரைப் பிரதிவாதியாகக் காட்டுவது? மேலும், பழைய ஆவணங்களில் ‘முனுசாமி’ என்றிருக்கும் எங்கள் குடும்பப் பெயர் என் அடையாள அட்டையில் ‘மூன்சாமி’ என்று இருப்பது வழக்கைப் பாதிக்குமா?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): அம்மா, உங்களுக்கு வாக்களித்தது யார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். தனி ஒருவர் கடைப் பெயரில் தொழில் நடத்தியிருந்தால், ‘இன்ன பெயரில் தொழில் நடத்தும் இன்னார்’ என்று அவருடைய முழுப் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டும். பதிவுபெற்ற நிறுவனமென்றால் அதன் முழுப் பெயரையும் பதிவெண்ணையும் எழுத வேண்டும். அதன் இயக்குநர் சட்டத்தின் கண்ணில் வேறு ஆள், அவர் பெயரை மட்டும் எழுதினால் நிறுவனம் வழக்குக்கு வெளியே நின்றுவிடும். கம்பெனிப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்: தனியார் கம்பெனியின் பதிவெண் 07 என்றும், குளோஸ் கார்ப்பரேஷன் எனப்படும், சில உறுப்பினர்களே கொண்ட சிறு நிறுவனத்தின் எண் 23 என்றும் முடியும். யார் பொறுப்பு என்று அப்போதும் தெளிவாகாவிட்டால், இருவரையும் ஒருவருக்கு மாற்றாக மற்றவரென்று சேர்க்க 1944ஆம் ஆண்டின் மாஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டம் இடமளிக்கிறது.

பதில் (டர்பன்): எனக்குக் கவலையாக இருப்பது காலம்தான். 1969ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இத்தகைய கடன் (உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணமும் சட்டப்படி கடன்தான்) 3 ஆண்டுகளில் காலாவதியாகும். அழைப்பாணையை நீதிமன்றத்தில் பதிந்தால் மட்டும் போதாது, அது ஷெரிஃப் என்னும் நீதிமன்ற அலுவலர் மூலம் கடனாளியிடம் முறைப்படி சேர்ப்பிக்கப்பட (சார்வு செய்யப்பட) வேண்டும். சரியான ஆளின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தால் பின்னர் திருத்த அனுமதி கேட்கலாம். முற்றிலும் வேறொருவரை வழக்கில் இழுத்திருந்தால், உண்மையான கடனாளிக்கு எதிரான கெடு ஓடிக்கொண்டே இருக்கும். என் சித்தப்பா ஒரு டிரஸ்ட் மீது அதன் பெயரிலேயே வழக்குத் தொடுத்தார்; டிரஸ்டுக்கென்று தனிச் சட்ட ஆளுமை கிடையாது, அறங்காவலர்களை அந்தப் பொறுப்பில் பெயர் சொல்லிக் காட்டியிருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தபோது பல மாதங்கள் வீணாகியிருந்தன.

உங்கள் பெயரைப் பொறுத்தவரை, அடையாள அட்டையில் உள்ளபடி எழுதி, 13 இலக்க எண்ணையும் சேருங்கள். ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் கப்பலேறி வந்த நம் முன்னோரின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதால், ஒரே குடும்பத்துக்குள்ளும் எழுத்து மாறுவது இங்கே வழக்கம்.

கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. அவர் தந்த செலவு மதிப்பீட்டுத் தாளின் அடியில், பொடி எழுத்தில் 23 என்று முடியும் ஒரு பதிவெண்ணைக் கண்டேன். பதிவேட்டில் அந்த எண்ணுக்கு உரிய பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றே. ஆகவே அந்த நிறுவனத்தை முதல் பிரதிவாதியாகவும், எங்களிடம் பேசியவரை மாற்றாக இரண்டாம் பிரதிவாதியாகவும் காட்டி, இந்த வாரமே அழைப்பாணை எடுக்கப் போகிறேன்.