பர்வதமலை: வெயில் ஏறிய பிறகு சங்கிலியைத் தொட்டவனின் கதை

போன பங்குனியில் மைத்துனனோடு, உச்சியில் சிவன் கோயில் இருக்கும் பர்வதமலை ஏறினேன். அவனுக்கு நாலாவது தடவை, எனக்கு முதல் தடவை. திருவண்ணாமலையில் இட்லி, வடை, ரெண்டு காபி என்று நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் தென்மாதிமங்கலம் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. செய்த தப்பு அதுதான். மற்றதெல்லாம் அதன் விளைவு.

உயரம் 4,560 அடி என்பார்கள். ஆரம்பத்தில் படிக்கட்டு, நிழல், பேச்சு எல்லாம் இருந்தது. படி முடிந்து கரடுமுரடான பாறைவழி தொடங்கியதும் பேச்சு நின்றது. எல்லோரும் படம் எடுத்துப் போடுவது அதற்கு மேலே இரும்புக் கம்பி அடித்த கடப்பாறைப் படியைத்தான். என்னைக் கேட்டால் ஆளைச் சாய்ப்பது அதற்கு முந்தைய இந்தப் பாறைவழி. ஒவ்வொரு கல்லும் முழங்கால் உயரம். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து ரெண்டு தடவை உட்கார்ந்துவிட்டேன். உப்பும் எலுமிச்சையும் போட்ட மோர்தான் எழுப்பியது.

அந்தக் கடப்பாறைப் படிக்கு வரும்போது பதினோரு மணி தாண்டிவிட்டது. செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பிகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள், கூடவே பிடித்துக்கொள்ளச் சங்கிலி. தொட்டதும் கையை உதறிவிட்டேன். தோசைக்கல் மாதிரி காய்ந்து கிடந்தது! "மாமா, சங்கிலியில தொங்காதீங்க, கால்லதான் ஏறணும். சங்கிலி நாம சாயாம இருக்கத்தான்" என்றான் மைத்துனன். நுனியில் மிதிக்காமல், பாறையை ஒட்டிக் கம்பியின் அடியில் மிதிக்கச் சொன்னான். ஒரு கையையோ காலையோ நகர்த்தும்போது மற்ற மூன்றும் பிடிப்பில் இருக்க வேண்டுமாம். அதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே ஏறினேன். உண்மையில் அது கஷ்டமில்லை. பிடிக்க இடமும் மிதிக்க இடமும் இருக்கின்றன, புதிதாக ஏறுகிறவரால் முடியும். கீழே பார்த்தால்தான் வயிறு கலங்கும்.

தண்டவாளப் படி, ஏணிப்படி என்று அடுத்தடுத்து வந்தன. ஏணியில் பாதியில் நான் மூச்சு வாங்கும்போது, "இதுதான் சங்ககால நவிரமலை, மலைபடுகடாம் பாட்டுல வர்ற நன்னன்கிற தலைவனோட மலை" என்று மேலிருந்து பாடம் நடத்தினான். தமிழாசிரியரோடு மலையேறினால் இப்படித்தான்.

மேலே மல்லிகார்ஜுனர் சந்நிதியில் நம் கையாலேயே அபிஷேகம் செய்யலாம். அதுவரை வலித்த முட்டி அந்தக் கால்மணி நேரம் வலிக்கவில்லை. அப்புறம் இறங்கும்போது வட்டியோடு வசூலித்தது. ஏணிப்படியில் முன்னால் பார்த்தபடி இறங்கப் பார்த்து, தேய்ந்த ஷூ வழுக்கி, முழங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, வீட்டு ஏணியில் இறங்குவது போலப் பின்னோக்கித்தான் இறங்க வேண்டும்.

*

மேலே எழுதியதைப் படித்துவிட்டு இன்னொருவன் எழுதுகிறேன். நான் ஏறியது மலைக்கு இன்னொரு பாதையான கடலாடி வழியாக. அந்தப் பக்கம் படிக்கட்டு சுகமெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், காட்டுப் பாதைதான். ஒரு நாய் அடிவாரத்திலிருந்தே எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. வழி பிரிகிற இடத்தில் நாங்கள் முழித்தால் நின்று திரும்பிப் பார்க்கும். பைரவர்தான் வழிகாட்டுகிறார் என்றார் கூட வந்த பெரியவர். அது வழிகாட்டியதா, என் பையிலிருந்த பிஸ்கெட்டுக்கு வந்ததா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. குரங்குகள் விஷயத்தில் சந்தேகமே இல்லை. தேங்காய், பழத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பைக்குள்ளே வையுங்கள்.

*

இது மூன்றாவது ஆளின் அனுபவம். வெயிலுக்குப் பயந்து நாங்கள் பௌர்ணமி இரவில் போனோம். இரும்பு சில்லென்று இருந்தது, ஆனால் கூட்டம்! கம்பியில் நின்ற நிலையில் இருபது நிமிஷம் வரிசை நகரவே இல்லை. மேலே யாரோ பயந்து உட்கார்ந்துவிட்டார்களாம். ஒரு காலில் பாரம் வைத்து நின்றதில் தொடை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த அம்மா, "கண்ணு, காலை மாத்தி மாத்தி வை, கீழ பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. முதல் தடவை போகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்துவிடுங்கள். மழை பெய்தாலும் வேண்டாம், பாறை பாசி பிடித்தது போல வழுக்கும்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி எழுதுகிறேன். சூட்டுக்குக் கையுறை போடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். நான் கைக்குட்டையைச் சுற்றிப் பார்த்தேன், பிடி நழுவியது, உடனே அவிழ்த்துவிட்டேன். விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கிவிட்டால் அந்தக் கேள்வியே வராது. கார்த்திகைக்குப் பிறகு மறுபடி போகிறோம். இந்தத் தடவை இட்லி பொட்டலத்தில்தான்.