330ஐ-யா, சி220டி-யா? கிருஷ்ணகிரியில் வைத்து ஓட்ட எது?

பாரூர்க்காரன்:
கிருஷ்ணகிரி டவுனுக்குள் தினமும் நாலைந்து கி.மீ. ஓட்டம். வாரம் இரண்டு நாள் பெங்களூரு, மாதம் ஒரு தடவை தொப்பூர் இறங்கி சேலம். வருஷத்துக்கு 22,000 கி.மீ. வரும். பெங்களூருவில் இரண்டு செகண்ட் ஹேண்ட் வண்டி பேச்சில் இருக்கு: 2020 பிஎம்டபிள்யூ 330ஐ எம் ஸ்போர்ட், பெட்ரோல், 46,000 ஓடியது; 2019 மெர்சிடிஸ் சி220டி, 71,000 ஓடியது. இரண்டும் கே.ஏ. நம்பர். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுக்கலாம், எடுத்தால் முதலில் எதில் கை வைக்கணும்?

ஓசூர் ஸ்பேனர்:
330ஐ எடுங்க சார். டார்க் (முறுக்கு விசை) ரெண்டுலயும் 400 என்எம்தான், ஆனா இதுல 258 குதிரை, அதுல 194. சூளகிரி மேட்டுல கிரானைட் ஏத்தின ட்ரெய்லர் ரெண்டு லேன அடைச்சுட்டு ஏறும்போது அந்த 64 குதிரை எதுக்குன்னு தெரியும். ஸ்டீரிங், சஸ்பென்ஷன் பத்தி தனியா எழுதவே வேணாம், சி கிளாஸ் பின் சீட்டுக்காரர் வண்டி.

பழைய 328ஐ-ல வந்த என்20 இன்ஜினோட டைமிங் செயின் கைடு தொல்லை இதுல இருக்கிற பி48-ல கிடையாது. இதுல பார்க்க வேண்டியது ரெண்டே இடம். ஒண்ணு, ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட். சூட்டுல இறுகி, ஆயில் கசிஞ்சு பிளாக்ல வழியும். ரெண்டு, கூலன்ட் டேங்கும் அதுக்குப் போற பிளாஸ்டிக் குழாய் மூட்டுகளும். வெள்ளையா உப்பு பூத்த தடம் இருந்தா கசிவு இருக்குன்னு அர்த்தம். ஆயில் 5¼ லிட்டர் பிடிக்கும். மீட்டர் சொல்ற இடைவெளிய நம்பாம 10,000 கி.மீ. இல்ல ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அப்ப மாத்திடுங்க.

டீசல் தருமன்:
ஸ்பேனர் குதிரையை எண்ணுகிறார், பில்லை எண்ணவில்லை. 22,000 கி.மீ.க்கு, பெட்ரோல் லிட்டருக்கு 13.5 என்று வைத்தால் 1,630 லிட்டர். டீசல் 18 என்று வைத்தால் 1,222. நானூறு லிட்டர் மிச்சம், அதற்கு மேல் டீசல் லிட்டருக்கு எட்டொன்பது ரூபாய் குறைவு. வருஷத்துக்குச் சுமார் 50,000 ரூபாய்.

2018 ஃபேஸ்லிஃப்டுக்கு (அதே மாடலின் புதுப்பிப்பு) பிறகு வந்த சி220டி-யில் இருப்பது ஓஎம்654 இன்ஜின், ஒன்பது கியர். வாரம் இரண்டு முறை பெங்களூரு போகிறவருக்கு டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) அடைக்குமே என்ற பயமும் வேண்டாம். புகைக்கரி எரிய சைலன்சருக்குள் 600 டிகிரி வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஒரே சீராக ஓடினால் அது தானாக நடந்துவிடும். இந்த உபயோகத்துக்கு டீசலைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன்.

ஓசூர் ஸ்பேனர்:
தருமன் அண்ணே, வாரத்துல மீதி அஞ்சு நாள் நாலு கி.மீ. ஓட்டம்னு அவர் எழுதினத தாண்டிப் போயிட்டீங்க. இன்ஜின் சூடாகுறதுக்குள்ள வீடு வந்துடும். எரிப்பு ஆரம்பிச்சு பாதியில ஆஃப் பண்ணா, அதுக்காகத் தெளிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியா இறங்கி ஆயில்ல கலக்கும். ஆயில் மட்டம் ஏறும், ஆனா கனம் போயிருக்கும். மட்டம் கூடியிருக்குன்னு சந்தோஷப்படுறவங்கதான் டர்போ மாத்துறாங்க.

டீசல் தருமன்:
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. ஐடிலிங் வழக்கத்தைவிட நூறு ஆர்பிஎம் போல ஏறி நின்றாலோ, நிறுத்தியதும் ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றினாலோ, காய்ந்த வாடை வந்தாலோ, எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது. அப்போது ஆஃப் செய்யாமல் ராயக்கோட்டை மேம்பாலத்தில் ஏறி காவேரிப்பட்டணம் வரை ஒரு சுற்று போய்வந்தால் முடிந்துவிடும். ஆயில் மட்டும் மெர்சிடிஸின் 229.51 அல்லது 229.52 தரம் என்று டப்பாவில் அச்சாகி இருக்க வேண்டும். சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றினால் டிபிஎஃப்பில் தேங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது.

ஓசூர் ஸ்பேனர்:
டீசல் புகையைச் சுத்தம் பண்ண ஊத்துற ஆட்ப்ளூ பத்தி ஏன் பேச மாட்டேங்குறீங்க? அந்த வண்டியில நாக்ஸ் சென்சார் (புகையில நைட்ரஜன் ஆக்சைடு அளக்கிறது) போறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. போச்சுன்னா இன்னும் இத்தனை கி.மீ.தான், அப்புறம் ஸ்டார்ட் ஆகாதுன்னு மீட்டர்ல எண்ணிக்கை இறங்க ஆரம்பிக்கும். நீங்க மிச்சம் பிடிச்ச ஐம்பதாயிரத்துல நல்ல பங்கு அங்க போயிடும்.

டீசல் தருமன்:
சென்சார் போவது உண்மை. அதைப் பாதி நாம்தான் வரவழைக்கிறோம். ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாக் கரைசல். 30 டிகிரிக்கு மேல் மாதக்கணக்கில் வைத்தால் கெடும். நம்ம ஊர் ஏப்ரல் மே வெயிலில் கடை வாசலில் அடுக்கிய வாளியை வாங்கி ஊற்றினால் உப்பு படிந்து இன்ஜெக்டர் அடைக்கும். கிருஷ்ணகிரியில் இருப்பவருக்கு ஒரு வசதி: லாரிகள் நிற்கும் பெரிய பங்க்குகளில் சரக்கு வாரத்தில் தீர்ந்துவிடும். அங்கே ஐஎஸ்ஓ 22241 எண்ணும் தயாரிப்புத் தேதியும் பார்த்து வாங்கவும். திறந்த வாளியை மீதி வைக்க வேண்டாம்.

தகடூரான்:
இரண்டு பேரும் இன்ஜினுக்குள்ளேயே குடியிருக்கிறீர்கள். தரையைத் தொடுவது டயர்.

330ஐ எம் ஸ்போர்ட்டில் முன்னால் 225/45 ஆர்18, பின்னால் 255/40 என்று இருந்தால் ரப்பர் சுவரின் உயரம் 101, 102 மி.மீ. சி220டி 225/50 ஆர்17-ல் இருந்தால் 112 மி.மீ. ஒரு செ.மீ. என்ன பெரிசு என்று கேட்காதீர்கள். ஊருக்குள் நேற்று இரவு முளைத்து, வெள்ளைக் கோடு இன்னும் பூசாத வேகத்தடைக்கும், தார் பெயர்ந்த ஓரத்துக்கும் அந்த ஒரு செ.மீ. தான் ரிம்மைக் காப்பது. முன்னும் பின்னும் அளவு வேறு என்றால் முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் போடவும் முடியாது.

அடுத்தது ரன்ஃப்ளாட். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. போகலாம் என்பது கணக்கு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90. பாதி வழியில் ஓசூர் இருப்பது நம் அதிர்ஷ்டம், ஆனால் அந்த அளவு ஓசூர் டயர்க்கடையில் எப்போதும் இருக்காது. பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் பள்ளத்தின் அடி நேராக ரிம்முக்குப் போகும். டயர் வீங்கும், இல்லாவிட்டால் அலாய் விரியும். காற்றில்லாமல் ஓட்டிய ரன்ஃப்ளாட்டைப் பஞ்சர் ஒட்டி மறுபடி போடக் கூடாது, உள் சுவர் வெந்திருக்கும்.

ஓசூர் ஸ்பேனர்:
அதனாலதான் ரன்ஃப்ளாட் தேய்ஞ்சதும் அதே அளவுல சாதா டயர் போடுங்கங்கிறேன். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற எடைக் குறியீடு) மட்டும் குறையக் கூடாது. நாலும் ஒரே நேரத்துல மாத்தணும், ரெண்டு அது ரெண்டு இதுன்னு கலக்கக் கூடாது. டிக்கியில 12 வோல்ட் பம்ப்பும் பஞ்சர் கிட்டும் போதும்.

டீசல் தருமன்:
பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் கிட் எதற்கு? ராத்திரி பத்து மணிக்குக் குருபரப்பள்ளி ஓரத்தில், லாரி காற்று சட்டையை இழுக்கும் இடத்தில், குடும்பத்தோடு இழுவை வண்டிக்குக் காத்திருப்பதா? சி கிளாஸில் டிக்கிக்குள் குட்டி ஸ்டெப்னி வரும். பெட்டி வைக்க இடம் பாதி போகும்தான். ஸ்டெப்னியும் ஜாக்கியும் வண்டியோடு இருக்கிறதா என்று பாரூர்க்காரர் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

தகடூரான்:
இந்த ஒரு விஷயத்தில் தருமன் பக்கம்.

மத்தூர் மாந்தோப்பு:
எந்த வண்டி எடுத்தாலும் மாமரத்தடியில் நிறுத்த வேண்டாம். மாம்பால் சொட்டினால் அன்றைக்கே ஈரத்துணியால் ஒற்றி எடுக்கணும், வெயிலில் காய்ந்தால் பெயின்டில் குழி விழும். அதைவிட மோசம் மாம்பூ. கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தண்ணீர் வடியும் துளையையும் சன்ரூஃப் குழாயையும் அடைத்துவிடும். முதல் மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி மிதியடிக்குக் கீழே தேங்கும். அங்கே ஒயரிங் ஓடுகிறது.

ஓசூர் ஸ்பேனர்:
நல்லா சொன்னீங்க. அடைப்பு எடுக்க காற்று பிரஷர் அடிக்காதீங்க, குழாய் மூட்டு உள்ள கழண்டுக்கும். மெல்லிசான நைலான் நூல் போதும்.

கியர் ஆயிலுக்கு வர்றேன். இசட்எஃப் எட்டு கியருக்கு பிஎம்டபிள்யூ ‘ஆயுசுக்கும் மாத்த வேணாம்’னு சொல்லுது. கியர்பாக்ஸ் செஞ்ச இசட்எஃப் 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்துங்குது. செஞ்சவன் பேச்சைக் கேளுங்க. முதல்ல ஆயில் ஊத்துற பக்க பிளக் கழலுதான்னு பார்க்கணும், அப்புறம்தான் கீழ வடிக்கணும். இதத் தலைகீழா செஞ்சு, வடிச்சதுக்கு அப்புறம் மேல் பிளக் வழுக்கினா வண்டி அங்கயே படுத்துக்கும். அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோட ஒட்டினதுதான், முழுசா புதுசு போடணும். லைஃப்கார்டு 8 ஆயில் 7 லிட்டர் வாங்கி வையுங்க. டார்க் கன்வெர்ட்டர்ல நிக்கிறது வராது. நிரப்பினதும் இன்ஜின் ஓடணும், பிரேக்கை மிதிச்சுட்டு ஆர், டி எல்லாம் ஒருமுறை போட்டு வரணும், ஸ்கேனர்ல ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கும்போது பிளக் ஓரமா லேசா வழியணும். வண்டி சமமா நிக்கணும், ஜாக்கியில ஒரு பக்கம் தூக்கிட்டு அளந்தா அது அளவே இல்ல.

டீசல் தருமன்:
மெர்சிடிஸ் தன் கியருக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்கிறது. உரிமையாளரைச் சண்டைக்கு நடுவில் நிறுத்துவதில்லை. 71,000 ஓடிய வண்டி என்பதால் காத்திருக்காமல் ஒரு லட்சத்துக்குள் மாற்றிவிடலாம்.

பாரூர்க்காரன்:
கூலன்ட் குறைந்தால் வீட்டுத் தண்ணீர் ஊற்றலாமா? பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஊற்றலாம் என்கிறார்கள்.

தகடூரான்:
ஊற்றவே கூடாது. ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கொண்டுவந்த மாவட்டங்கள் இவை. ரேடியேட்டருக்கு ஃப்ளோரைடைவிட நம் போர் தண்ணீரின் கடினத்தன்மைதான் எமன். இரும்பு பக்கெட்டின் அடியில் படிகிற வெள்ளை, மெல்லிய அலுமினியக் குழாய்க்குள்ளும் படியும். கம்பெனி சொல்லும் கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிப் பாதி, அவ்வளவுதான். முழுதாக மாற்றினால் வேக்கம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். காற்றுக் குமிழி நின்றால் ஹீட்டர் குளிரும், இன்ஜின் கொதிக்கும்.

சேலம் போகிறவருக்கு இன்னொன்று. தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கக் கூடாது. கியரை மேனுவலில் போட்டு மூன்றிலோ நாலிலோ பிடியுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இழுத்த பிறகு 155. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது அதற்காக. செகண்ட் ஹேண்ட் வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம் பிஸ்டன்:
இவ்வளவு எதுக்கு? பாதி விலைக்குப் பழைய எஃப்30 மாடல் பிஎம்டபிள்யூ 320டி எடுத்துட்டுப் போகலாமே?

ஓசூர் ஸ்பேனர்:
2016 ஆரம்பத்துல ஃபேஸ்லிஃப்ட் வர்றதுக்கு முன்னாடி அதுல என்47 இன்ஜின். டைமிங் செயின் பின்னாடி, கியர்பாக்ஸ் பக்கம். 1,500, 2,000 ஆர்பிஎம்ல பின்பக்கமா சலசலன்னு சத்தம் கேட்டா செயின் தளர்ந்திருக்கு. கியர்பாக்ஸ இறக்காம அங்க கை போகாது. செயின் அறுந்தா இன்ஜினே போச்சு. பாதி விலை அப்பவே முழு விலை ஆயிடும்.

டீசல் தருமன்:
நேர்மைக்குச் சொல்கிறேன், மெர்சிடிஸின் பழைய ஓஎம்651-லும் செயின் பின்னால்தான்.

பாரூர்க்காரன்:
சரி. அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்? 12 மாசம் கே.ஏ. நம்பரிலேயே ஓட்டலாம் என்று புரோக்கர் சொல்கிறார்.

தகடூரான்:
அந்த 12 மாசம், வண்டியோடு மாநிலம் மாறி வரும் சொந்தக்காரருக்கு. நீங்கள் வாங்குகிறவர். வாங்கியவர் 30 நாளில் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று), 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு, 27 புது நம்பருக்கு. லோன் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் என்ஓசி நகராது. தமிழ்நாட்டு ஆயுள் வரி நீங்கள் கொடுத்த செகண்ட் ஹேண்ட் விலைக்கு இல்லை, வண்டி புதிதாக இருந்தபோதைய விலைக்கு, வயசுக்கு ஏற்பக் கழித்து. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது வண்டிக்கே 20 சதவீதம் என்னும்போது இது சின்னத் தொகை இல்லை. கிருஷ்ணகிரி டி.என். 24 ஆர்டிஓ ஆபீஸில் கணக்குப் போட்டு வாங்கி, அதை விலையில் கழித்துப் பேசுங்கள். கர்நாடகாவில் மீதி வரியைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது கட்டியவர் பேரில் இருக்கும். யாருக்குச் சேரும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓசூர் ஸ்பேனர்:
வண்டிய முதல் நாள் ராத்திரியே நிறுத்தி வைக்கச் சொல்லுங்க, காலையில பானெட்ல கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா, குளிர்ந்த ஸ்டார்ட்ல வர்ற சத்தத்த மறைக்கப் பார்க்குறாங்க. பெயின்ட் மீட்டர் வச்சா கம்பெனி பெயின்ட் 100, 150 மைக்ரான் காட்டும். 250-க்கு மேல போச்சுன்னா அந்தப் பக்கம் வேலை நடந்திருக்கு. டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 2319-னா 2019-ம் வருஷம் 23-வது வாரம். 46,000 ஓடின வண்டியில நாலு டயரும் மூணாவது செட்டா இருந்தா மீட்டர நம்பாதீங்க. பிஎம்டபிள்யூவுல ஓடின கணக்கு மீட்டர்ல மட்டும் இல்ல, வேற யூனிட்லயும் பதிவாகும், ஸ்கேனர் போட்டு ஒத்துப் பாருங்க. பேட்டரி மாத்தியிருந்தா சிஸ்டத்துல பதிஞ்சாங்களான்னு பாருங்க. பதியலைன்னா பழைய பேட்டரிக்குப் போடுற மாதிரியே சார்ஜ் போட்டு புதுசையும் சீக்கிரம் கொன்னுடும்.

டீசல் தருமன்:
சி220டி-க்கு அதே ஸ்கேனரில் டிபிஎஃப் சாம்பல் அளவு, கடைசியாக எரிப்பு முடிந்து எத்தனை கி.மீ. ஆனது, நாக்ஸ் சென்சார் பிழைப்பதிவு, இந்த மூன்றையும் எடுங்கள். பிழைப்பதிவு சுத்தமாக அழிக்கப்பட்டு, அழித்த பிறகு 30 கி.மீ. கூட ஓடவில்லை என்றால் விட்டுவிட்டு வாருங்கள். அப்படி வந்தால் 330ஐ எடுங்கள், போங்கள்.

ஓசூர் ஸ்பேனர்:
ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டேன் அண்ணே.

பாரூர்க்காரன்:
சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டையும் குளிர்ந்தபடி பார்க்கக் கேட்டிருக்கிறேன். சி220டி தரப்பு சரி என்றார்கள். 330ஐ தரப்பு பதினொரு மணிக்கு மேல்தான் என்கிறார்கள்.

தகடூரான்:
ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள். முடியாது என்றால் பானெட்டைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியதில்லை.